ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல் இறக்குவது, பிறகு கலர் ஷீட் போடுவது

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போட நினைப்பவர்கள் புது ஷீட்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எந்தக் கம்பெனி, என்ன கனம், சதுர அடி என்ன விலை என்று கேள்விகள் அதோடு நின்றுவிடும். பழையதை இறக்குவது கொட்டேஷனில் ஒரு வரியாகக்கூட இருக்காது. "ரெண்டு ஆள் ஏறினா மதியத்துக்குள்ள தட்டி இறக்கிடலாம்ணே" என்று ஃபேப்ரிகேஷன்காரர் சொல்வார், நாமும் சரி என்போம். சுத்தியலால் அப்படித் தட்டி இறக்குவதுதான் இந்த வேலையில் செய்யவே கூடாத காரியம்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் கூரைக்குப் போடும் ஷீட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் நார், இருக்கும். அது கிரிசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார். மீதி சிமெண்ட், சாம்பல், கூழ் வகையறா. ஷீட் முழுசாக இருக்கும்வரை நாரை சிமெண்ட் பிடித்து வைத்திருக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ நார் காற்றில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் அவை. காற்றில் மணிக்கணக்காக மிதக்கும், நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவும் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் "நாங்க எத்தனையோ வீடு உடைச்சிருக்கோம், ஒண்ணும் ஆகல" என்ற பேச்சை நம்பக் கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இதனால் பல மடங்கு கூடுகிறது.

பிரிட்டன் 1999-இலும், ஆஸ்திரேலியா 2003 கடைசி நாளோடும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் எல்லாவகைக் கல்நாரையும் தடை செய்துவிட்டன. இந்தியாவில் முழுத் தடை இல்லை. இன்னும் தயாராகிறது, விற்கிறது. கடையில் அதைச் "சிமெண்ட் ஷீட்" என்றுதான் சொல்வார்கள். கல்நார் இல்லாத நார்ச் சிமெண்ட் ஷீட்டும் உண்டு என்பது உண்மை. ஆனால் உங்கள் கூரையில் இருப்பது பழசாக இருந்து, அப்படித்தான் என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லையென்றால் கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

நோய் ஆண்டுக்கணக்கில் கழித்து வருவது. அன்றைக்கே உயிரை எடுப்பது இன்னொன்று: ஷீட்டை மிதித்து உள்ளே விழுவது. 6 மி.மீ. கனமுள்ள ஷீட், வெயிலும் மழையும் பட்டு வலுவிழந்தது, ஆள் எடையைத் தாங்காது. "போல்ட் வரிசை மேல கால் வச்சா ஒண்ணும் ஆகாது" என்று ஏறுகிறவர்கள் உண்டு. கால் ஒரு சாண் தள்ளிப் பட்டால் போதும். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட்டின் மேல் பாசியோ பெயிண்டோ படிந்துவிட்டால் அது வேறு ஷீட் என்றே தெரியாது. விழுகிறவர் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் தலைகீழாக விழுவார். ஆகவே இரண்டு விதிகள். ஒரு ஷீட்டும் உடையக் கூடாது. யாரும் ஷீட் மேல் நிற்கக் கூடாது. கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் இந்த இரண்டுக்காகத்தான்.

எடுக்கத்தான் வேண்டுமா?

விரிசல் இல்லை, ஒழுகவில்லை, கையால் தடவினால் மாவாக உதிரவில்லை என்றால் அவசரம் ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுவைப்பதும் பாதுகாப்பான முடிவுதான். விட்டுவைத்தால் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஃபேன் கொக்கிக்கோ, புகைக்குழாய்க்கோ, டிஷ் ஆன்டெனாவுக்கோ துளை போடக் கூடாது. பாசி போக பிரஷர் வாட்டர் அடிக்கவே கூடாது. மேற்பரப்பில் சிமெண்ட் அரித்துப்போய் நார் மட்டும் நிற்கும். தண்ணீர் வேகமாக அடித்தால் அந்த நார் சுவர், முற்றம், பக்கத்து வீட்டுக் கிணறு எல்லாவற்றிலும் தெறிக்கும். அடியில் குப்பை கொளுத்துவதும் விறகடுப்பை ஷீட்டுக்கு நெருக்கமாக வைப்பதும் வேண்டாம். கடும் சூட்டில் ஷீட் பட்பட்டென்று வெடித்துச் சிதறும்.

பழைய ஷீட்டின் மேலேயே புதுத் தகரத்தைப் போர்த்திவிடலாம் என்றொரு யோசனை சொல்வார்கள். நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஷீட்டைத் தாங்கும் புதுக் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கப் பழைய ஷீட்டில் நூற்றுக்கணக்கான துளை போட வேண்டும், அதன் தூசு நேராக வீட்டுக்குள் இறங்கும். பிறகு அடியில் உள்ள ஷீட் உடைந்தாலும் வெளியே தெரியாது. அடுத்த தலைமுறை அதை எடுக்க வரும்போது வேலை இரட்டிப்பாகும்.

எடுப்பது என்று முடிவானால் மாதத்தைப் பாருங்கள். தை முதல் சித்திரை வரை தோது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பாதி திறந்த கூரையில் கையில் பிடித்திருக்கும் கலர் ஷீட் பறக்காதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கூரையோடு மாட்டிக்கொள்ளவும் கூடாது.

கணக்கு

உதாரணத்துக்கு 20 அடிக்கு 30 அடி வீடு. நடுவில் முகடு, இரு பக்கமும் 18 டிகிரி சரிவு, இறவாரம் 2 அடி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடி நீட்டல். முகட்டிலிருந்து இறவாரம் வரை சரிவின் நீளம் 3.85 மீட்டர் வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அகலம் 1.05 மீட்டர். பக்க ஏற்றம், அதாவது ஒன்று அடுத்ததன் மேல் ஏறிப் படியும் ஓரம், போக 1.01 மீட்டர்தான் மூடும். 32 அடி நீளத்துக்கு வரிசைக்குப் 10 ஷீட். 2 மீட்டர் ஷீட் மேலும் கீழுமாக இரண்டு வரிசை, 15 செ.மீ. ஏற்றம். இரண்டு பக்கமும் சேர்த்து 40 ஷீட். 2 மீட்டர் ஷீட் ஒன்று 28 கிலோவை ஒட்டி இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். முகட்டுத் துண்டுகளைச் சேர்க்காமலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். இதை எங்கே அடுக்குவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பதைக் கூரையில் கை வைக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கூலியையும் இந்தக் கணக்கில் பேசுங்கள். மொத்தமாகக் கான்ட்ராக்ட் விட்டால் வேகமாக முடிப்பவருக்குத்தான் லாபம், வேகம் என்றால் சுத்தியல். முழுசாக இறங்கும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இவ்வளவு என்று பேசினால் ஆட்களின் கை தானாகவே மெதுவாகும். நாங்கள் சொல்லும் எல்லாப் பாதுகாப்பு ஏற்பாட்டையும்விட இந்த ஒரு பேச்சு அதிகம் வேலை செய்யும்.

சாமான்

முகக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துண்டைக் கட்டிக்கொள்வதும், துணி மாஸ்க்கும், மருத்துவமனை மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. ரப்பர் அரைமுகக் கவசத்தில் பி-100 அல்லது பி-3 வடிகட்டி பொருத்தியது நல்லது. அது கிடைக்காவிட்டால் குறைந்தது எஃப்.எஃப்.பி-3 தரம். முகத்தோடு ஒட்டி உட்காராவிட்டால் எதுவும் பயனில்லை, ஆகவே தாடி எடுத்திருக்க வேண்டும். கவசத்தை மாட்டி இரு கையால் பொத்தி மூச்சை இழுத்துப் பார்த்தால் ஓரத்தில் காற்று நுழைவது தெரியும். உடம்புக்கு, தலைமூடி உள்ள, ஒருமுறை போட்டு எறியும் உடை. லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ், ஏனென்றால் லேஸிலும் கேன்வாஸிலும் நார் சிக்கினால் கழுவி எடுக்க முடியாது.

தண்ணீர் தெளிக்க வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகு ஸ்ப்ரேயரே போதும். புதுசாக வாங்குங்கள், பூச்சிமருந்து மிச்சம் இருந்த டேங்க் வேண்டாம். டேங்குக்கு இரண்டு மூடி பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றினால் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஷீட்டுக்குள் ஊறும். 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட் நிறைய வேண்டும். ஷீட்டுகளைப் பொதிய மட்டும் மேற்சொன்ன வீட்டுக்கு 150 சதுர மீட்டர் ஆகும். அகல டேப், கனமான பிளாஸ்டிக் பைகள், 24 அல்லது 30 அங்குல போல்ட் கட்டர், துரு இளக்கும் ஆயில், பழைய பருத்தித் துணி. சாரத்துக்குச் சென்ட்ரிங் வாடகைக் கடையில் சக்கரம் வைத்த இரும்பு மேடை கிடைக்கும். சக்கரத்துக்குப் பிரேக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கட்டிங் மெஷினை அன்றைக்கு வேலையிடத்துக்குக் கொண்டுவரவே விடாதீர்கள். கையில் இருந்தால் துருப்பிடித்த போல்ட்டில் வைப்பார்கள், டிஸ்க் ஷீட்டையும் சேர்த்து அறுக்கும்.

இறக்குதல்

வீட்டுக்குள் உள்ள சாமானை வெளியேற்றுவதே நல்லது. நகர்த்த முடியாத பீரோ, கட்டிலைப் பாலித்தீனால் மூடி டேப் ஒட்டுங்கள். பரண் இருந்தால் அதுவும் காலியாக வேண்டும். ஷீட்டுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் மேல் பல வருடத் தூசு உட்கார்ந்திருக்கும், நனைக்காமல் அதைக் கழற்றாதீர்கள். சம்ப், கிணறு மூட வேண்டும். மழைநீர்க் குழாயைக் கழற்றி வாயை அடைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி, ஜன்னலைச் சாத்தவும் கொடியில் காயும் துணியை எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் ஆடுமாடும் அன்றைக்கு வேறு இடத்தில் இருக்கட்டும். நனைக்கும் முன் மெயினை அணைத்துவிட வேண்டும். சர்வீஸ் வயர் கூரையை ஒட்டிப் போனால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிக் கம்பத்திலேயே துண்டிக்கச் செய்யுங்கள்.

முதல் நாள் சாயங்காலமே கூரையை மெதுவாக நனைத்துவிடுங்கள், பாசி ஊறும். காலையில் வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் நனைத்த ஷீட் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், ஆகவே ஒருவருக்குத் தெளிப்பது மட்டுமே வேலை. மேல்பக்கம் மட்டும் போதாது, அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருப்பது 8 மி.மீ. ஜே ஹூக். மேலே நட்டு, தார் வாஷர். கீழே சட்டத்தைச் சுற்றிய வளைவு. நட்டு துருப்பிடித்துச் சுற்ற வராது. மேலேயிருந்து ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் துளையைச் சுற்றி ஷீட் பிளந்துவிடும். வழி கீழேயிருந்துதான்: உள்ளே மேடையில் நின்று, சட்டத்துக்கு அடியில் தெரியும் வளைவைப் போல்ட் கட்டரால் வெட்டுங்கள். ஹூக்கின் மிச்சம் ஷீட்டோடேயே மேலே வந்துவிடும், கூரை மேல் ஏறவே தேவையில்லை. மரச் சட்டத்தில் மேலிருந்து ஆணியோ ஸ்குரூவோ அடித்திருந்தால் கொஞ்சம் கஷ்டம். தலையைச் சுற்றி நனைத்து, கடப்பாரை போடாமல் ஆணிவாங்கியால் நேராக இழுக்க வேண்டும்.

வரிசை முக்கியம். மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும். முதலில் முகட்டுத் துண்டுகள். அடுத்து மேல் வரிசை. அதன் அடி விளிம்பு கீழ் வரிசையின் மேல் ஏறியிருப்பதால் கீழ் வரிசையை முதலில் இழுத்தால் இரண்டுமே உடையும். பக்க ஏற்றத்திலும் எது மேலே படிந்திருக்கிறதோ அந்த ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பல கூரைகளில் ஷீட்டின் மூலையைச் சாய்வாக வெட்டிப் பொருத்தியிருப்பார்கள், அந்த மூலைதான் முதலில் ஒடியும். அங்கே ஒரு கை தாங்க வேண்டும்.

ஷீட்டை இழுத்துச் சறுக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று உரசும்போது நார் உதிரும். இரண்டு பேர் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக உள்ளே இறக்கிக் கீழே நிற்கும் இரண்டு பேரிடம் கொடுக்கலாம். வீட்டு அமைப்பு இடம் கொடுக்காமல் மேலே ஏறியே தீர வேண்டுமென்றால், குறைந்தது இரண்டடி அகலத்துக்குச் சாரப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, மூன்று சட்டத்தின் மேல் படியும்படி போட்டு, அதன் மேல்தான் நிற்க வேண்டும். முழு உடல் பெல்ட்டின் கயிறு, சட்டங்களைத் தாங்கும் முக்கோண ட்ரஸ்ஸில் மாட்டியிருக்க வேண்டும், இடுப்பில் கட்டிய கயிறு போதாது. பலகை நனைந்து வழுக்கும் என்பதால் குறுக்கே ரீப்பர் அடித்திருக்கட்டும்.

எந்த ஷீட்டையும் கீழே போடக் கூடாது. முன்பே விரிசல் விட்டிருக்கும் ஷீட்டின் விரிசல் மேல் இரு பக்கமும் அகல டேப் ஒட்டிவிட்டு இறக்குங்கள். மீறி உடைந்துவிட்டால் உடனே நனைத்து, துண்டுகளைக் கையால் பொறுக்கிப் பையில் போட வேண்டும். பை நிறைந்ததும் வாயை முறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் போடுங்கள். கூர்மையான துண்டு பையைக் கிழிக்கும். பெரிய துண்டை பைக்கு ஏற்றபடி உடைக்காதீர்கள், பாலித்தீனில் சுற்றுங்கள்.

துடைப்பம் எடுக்கக் கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனரும் கூடாது, அதன் வடிகட்டி வழியாக நார் மறுபடி அறைக்குள்தான் வரும். சட்டங்களின் மேல்பக்கம், சுவர் உச்சி, ஜன்னல் மேடை எல்லாவற்றையும் ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்து, பிறகு அந்தத் துணியையும் கழிவுப் பையில் போட வேண்டும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இறவாரத்துக்குக் கீழே மண்ணில் பழைய சில்லுகள் கிடக்கும், அவற்றையும் நனைத்துப் பொறுக்குங்கள்.

டீ குடிக்கவோ பீடி பிடிக்கவோ வேண்டுமென்றால் வேலையிடத்தை விட்டு வெளியே வந்து, உடையை ஈரத் துணியால் துடைத்துக் கழற்றி, கை முகம் கழுவிய பிறகுதான். கழற்றும்போது உடை முதலில், முகக்கவசம் கடைசியில். வேலை செய்த உடையோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. தொழிலாளியின் சட்டையை உதறித் துவைத்தே கல்நார் நோய்க்கு ஆளான மனைவிமார் பல நாடுகளில் உண்டு. கூலி கொடுப்பவர் உடை, கவசம், குளிக்க இடம், சோப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். இது நாம் செய்யும் தயவு இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது.

இறக்கியதை எங்கே கொண்டுபோவது

நம் ஊரில் இந்த வேலை தடுமாறும் இடம் இதுதான். முழு ஷீட்டை யாராவது மாட்டுக் கொட்டகைக்கோ கோழிக் கொட்டகைக்கோ கேட்டு வருவார்கள். உடைந்ததைக் காயலான் கடைக்காரரோ, ரோட்டுக் குழி நிரப்புகிறவரோ வாங்கிக்கொள்வார். கொடுக்காதீர்கள். கொட்டகைக்குப் போன ஷீட்டில் புதிதாகத் துளை போடுவார்கள், அறுப்பார்கள். குழியில் கொட்டியதை லாரிச் சக்கரம் மாவாக அரைக்கும். அடித்தளம் நிரப்பவும், சாக்கடை மூடவும் பயன்படுத்துவதும் அப்படியே.

தரையில் பாலித்தீன் விரித்து, இரண்டு மரக்கட்டை வைத்து, ஷீட்டுகளைப் படுக்கையாக அடுக்குங்கள். ஐந்து ஷீட்டுக்கு ஒரு கட்டு என்றால் 140 கிலோ ஆகும், நாலைந்து பேர் தூக்கலாம். அதற்கு மேல் வைத்தால் தூக்கும்போது நடுவில் ஒடியும். இரண்டு சுற்று பாலித்தீன், ஒவ்வொரு மடிப்பிலும் டேப், மேலே பெரிய எழுத்தில் "கல்நார் – உடைக்காதே". 40 ஷீட்டுக்கு எட்டுக் கட்டு.

கல்நார்க் கழிவை அபாயகரக் கழிவு விதிகள், 2016 பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கழிவைப் புதைக்கத் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து நடப்பது அது. ஒரு வீட்டுக்காரர் எட்டுக் கட்டோடு போய் நிற்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், நகராட்சிக்கும் ஒரு நகல் கொடுங்கள். கூரையைத் தொடும் முன்பே கேட்டுவிட வேண்டும். பதில் வரும்வரை கட்டைப் பிரிக்காமல், நிழலில், வண்டியோ ஆளோ மோதாத மூலையில் வைத்திருங்கள். வீட்டுக் கூரைகளிலிருந்து இறங்கும் கல்நாரை வாங்கிக்கொள்ள மாவட்டத்துக்கு ஓரிடமாவது அரசு வைத்தால்தான் இது ஒழுங்காகும். அது இல்லாதவரை குளக்கரையிலும் புறம்போக்கிலும் இந்தச் சில்லுகள் கிடந்துகொண்டேதான் இருக்கும்.

புதுக் கூரை

ஓடு போட ஆசைப்படுகிறவர்கள் எடையைப் பாருங்கள். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸுக்குப் போட்ட ட்ரஸ் அதில் பாதிக்கும் குறைவான எடைக்குத்தான் கணக்கிட்டது. சரிவும் போதாது. ஓடு வேண்டுமென்றால் சட்டம் முழுக்கப் புதிது.

கலர் ஷீட்டில் சிக்கல் தலைகீழ். 0.50 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு நாலு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஒரு டன்னுக்கு மேல் இருந்த கூரை 350 கிலோவை ஒட்டி வந்து நிற்கும். பழையது பாதி தன் எடையாலேயே உட்கார்ந்திருந்தது. புதியதைக் காற்று தூக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் எத்தனை கூரை பறந்தது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஷீட்டைச் சட்டத்தோடு நன்றாக முடுக்கியிருந்தாலும் போதாது. சட்டம் ட்ரஸ்ஸோடும், ட்ரஸ் சுவரோடும் பிடித்திருக்க வேண்டும். ட்ரஸ்ஸின் காலைச் செங்கல்லில் சொருகிச் சாந்து பூசி விட்டிருந்தால் அது பிடிப்பே இல்லை. சுவர் உச்சியில் உள்ள கான்கிரீட் பெல்ட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போடுங்கள். பெல்ட் இல்லாவிட்டால் இதுதான் போட நேரம். 2 அடி இறவாரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் காற்று அடியில் புகுந்து தூக்குவதும் குறையும்.

கூரை திறந்திருக்கும்போது சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். துரு ஜே ஹூக் இருந்த இடத்திலும், சுவருக்குள் புதைந்த முனையிலும்தான் முதலில் பிடிக்கும். மரமென்றால் சுவரில் படியும் நுனியில் கரையான். சட்டங்களின் இடைவெளி 4 அடிக்கு மேல் இருந்தால் நடுவில் ஒன்று சேருங்கள். புதுச் சட்டத்துக்கு 2 மி.மீ.-க்குக் குறையாத சுவர் கனமுள்ள பைப் வாங்குங்கள். மெல்லிய பைப்பில் ஸ்குரூவின் மறை பிடிக்காமல் வெறுமனே சுற்றும்.

மேற்சொன்ன வீட்டுக்கு, ஒரு மீட்டர் அகலம் மூடும் ஷீட்டென்றால் பக்கத்துக்கு 10, மொத்தம் 20, ஒவ்வொன்றும் 13 அடி. முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே நீளமாக வெட்டி வாங்குங்கள், நடுவில் ஏற்றம் இல்லாவிட்டால் ஒழுக்குக்கு ஓர் இடம் குறைவு. கனத்தைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் ஸ்குரூ கேஜால் அளந்து பாருங்கள். 0.50 என்பது பெயிண்ட் சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். அலுமினியம்-துத்தநாகப் பூச்சில் ஏ.இசட். 150 நல்ல தரம். கடலுக்கு மிக அருகில் என்றால் எஃகையே தவிர்த்து அலுமினிய ஷீட்டோ யுபிவிசி பிளாஸ்டிக் ஷீட்டோ யோசிக்கலாம்.

பக்க ஏற்றத்தின் வாய் காற்று வரும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும், அதாவது காற்று வீசும் பக்கத்துக்கு எதிர் ஓரத்திலிருந்து ஷீட் போட்டு வர வேண்டும். ஸ்குரூ 55 மி.மீ. நீளம், ரப்பர் வாஷர் உள்ளது, மேட்டின் மேல்தான். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். இறவாரத்துச் சட்டத்திலும் முகட்டுச் சட்டத்திலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. பக்கத்துக்கு ஐந்து சட்டம் என்றால் மொத்தம் 500 ஸ்குரூவை ஒட்டி ஆகும், பக்க ஏற்றத்தையும் முகட்டையும் தைக்கச் சிறியது 250. வாஷர் லேசாகப் பிதுங்கும்வரை முடுக்கினால் போதும். மெஷினை விடாமல் அழுத்தினால் வாஷர் பிளந்து, மேடு குழிந்து, அதில் தண்ணீர் நிற்கும்.

வெட்ட வேண்டியிருந்தால் தகரக் கத்தரி. கட்டிங் மெஷின் தீப்பொறி பூச்சைச் சுட்டு, ஒரே மழைக்காலத்தில் அங்கே துருப்புள்ளி வரும். துளை போட்ட இரும்புத் துருவலை அன்றைக்கே மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உடனே உரித்துவிட வேண்டும், வெயிலில் வெந்தால் பிறகு வராது. கொத்தனார் சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே சிமெண்ட் சாந்து வைத்து அடைக்க வருவார், விடாதீர்கள். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். அங்கே வேண்டியது மடக்கிய தகர ஃப்ளாஷிங்கும் சீலண்ட்டும்.

வெக்கைக்கு, வெள்ளை அல்லது வெளிர் நிறம் வாங்குங்கள். ஷீட்டுக்கு அடியில், சட்டத்தின் மேல், வெள்ளிக் காகிதம் ஒட்டிய 8 அல்லது 10 மி.மீ. நுரை விரிப்பைப் போட்டால் சூடும் மழைச் சத்தமும் குறையும். மார்கழிப் பனியில் தகரத்தின் அடியில் நீர் கோத்துப் படுக்கையில் சொட்டுவதும் நிற்கும்.

கடைசியாக மின்சாரம், இதை யாரும் நினைப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. தகரத்தில் பாயும். முன்பு கூரையோரத்தில் உரசிக்கொண்டு போன சர்வீஸ் வயர், இப்போது தகரத்தின் கூர் விளிம்பில் உரசி உறை கிழிந்தால் கூரை, இரும்புச் சட்டம், அதில் கட்டிய துணிக்கொடி எல்லாவற்றிலும் கரண்ட் வரும். சர்வீஸ் வயரைத் தனிப் பைப் வைத்து உயர்த்தி விடுங்கள். சட்டங்களில் ஓடும் உள் வயரிங்கைக் குழாய்க்குள் கொண்டுவாருங்கள். ட்ரஸ்ஸுக்கு எர்த் கொடுத்து, மெயினில் கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகுதான் மின்வாரியத்தாரை இணைப்புக் கொடுக்கக் கூப்பிட வேண்டும்.

முதல் பெருமழையில் உள்ளே நின்று முகட்டையும் சுவரோரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் ஸ்குரூவைச் சுற்றிச் சீலண்ட் பூசும் முன், வாஷர் பிளந்திருக்கிறதா என்று பார்த்து ஸ்குரூவை மாற்றுங்கள். ஒரு கோடை கழிந்ததும் இறவாரம், முகடு வரிசை ஸ்குரூக்களை ஒருமுறை கையால் சோதித்து, தளர்ந்ததை அதைவிட ஒரு சைஸ் தடித்த ஸ்குரூவால் மாற்றிவிடுங்கள்.